கேடயம் பூண்ட சிற்றுயிர்

ஊர்ப்புறத்து வேலியோரங்களில் காட்டாமணக்குச் செடிகள் தழைத்து நிற்கும். அவற்றின் காய்க்கொத்துகளைக் கூர்ந்து நோக்குவோர், பச்சையும் நீலமும் பொன்னும் குழைத்துப் பூசினாற் போன்ற சிறு பூச்சிகள் குழுமியிருத்தலைக் காண்பர். அவற்றின் முதுகில் கரும்புள்ளிகள் திகழும். சிறுவர் அவற்றைப் 'பொன்வண்டு' என்று கூவி மகிழ்வர். ஆயின், அவை வண்டுகள் அல்ல. நாவாய்ப்பூச்சி இனத்தைச் சேர்ந்தவை.

இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவது எங்ஙனம்? வண்டின் முதுகை மூடிய வன்சிறகுகள் இரண்டும் நடுவே ஒரு நேர்கோட்டிற் பொருந்தியிருக்கும். இப்பூச்சியின் முதுகிலோ அக்கோடு இல்லை. மார்பினின்று பின்னோக்கி வளர்ந்த ஒரே தகடு கேடயம் போல வயிறு முழுவதையும் மூடி நிற்கும். சிறகுகள் அதன் கீழ் மடங்கிக் கிடக்கும். மெல்லப் புரட்டி நோக்கின் மற்றோர் அடையாளமும் புலனாகும். வண்டுக்குக் கடிக்கும் தாடைகள் உண்டு; இதற்கோ ஊசி போன்ற உறிஞ்சுகுழல் உண்டு. வண்டு கூட்டுப்புழுவாய்க் கிடந்து உருமாறும். இதற்கு அப்பருவமே இல்லை. குஞ்சு ஐம்முறை தோலுரித்து முழுவளர்ச்சி எய்தும்.

நிறத்தை மட்டும் நம்பி ஒரு பூச்சியை இன்னதெனத் துணிதல் பிழையாகும். குஞ்சின் நிறம் வேறு, தாயின் நிறம் வேறு. மேலும், இவற்றின் ஒளிர்நிறம் சாயத்தால் மட்டும் அமைந்ததன்று; மேல்தோலின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு மீளுதலால் தோன்றுவது. ஆதலின், இறந்து உலர்ந்தபின் அப்பொலிவு மங்குவதும், ஈரம் பட்டவுடன் மீண்டும் தோன்றுவதும் உண்டு. 1902ஆம் ஆண்டில் இந்திய நாட்டு நாவாய்ப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்ட டிஸ்டன்ட் என்னும் ஆங்கில அறிஞரும், நிறத்தோடு உடலமைப்பையும் விரித்தே எழுதினார்.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? இவற்றின் உறவினருள் பச்சை நாவாய்ப்பூச்சி பயற்றங்காய்களின் சாற்றை உறிஞ்சிப் பயிருக்குக் கேடு செய்யும். அதே உறவிற் பிறந்த மற்றொன்றோ, பயிரைத் தின்னும் புழுக்களைக் குத்தி உறிஞ்சி உழவனுக்குத் துணை செய்யும். முன்னதன் குழல் மெல்லியது. பின்னதன் குழல் பருத்தது. இரண்டும் தீ நாற்றம் வீசுவன. நாற்றம் ஒன்றே கண்டு யாவற்றையும் நசுக்கும் உழவன், பகைவனோடு நண்பனையும் கொன்றவனாவான்; அவன் வயலிற் புழுக்கள் பெருகும்.

உருவிற் சிறியதாயினும் ஓர் உயிரை நன்கு ஆராய்ந்து அறிந்த பின்னரே, அதனை நல்லது என்றோ தீயது என்றோ கூறுதல் வேண்டும். அதுவே கற்றோர்க்கு அழகு.