ராகலைக்குப் போன சின்ன எஞ்சின்

தம்பிக்கு ஒரு பொம்மை சண்டிங் எஞ்சின் வாங்கித் தாறேன்னு சொல்லி ஒரு வருசமாச்சு. மஹாபொல காசில கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தேன். எங்கள் லயத்துக் காம்பராவில் நாலடிக்கு இரண்டடிப் பலகைதான் போடலாம். அவன் கேட்டதோ பின்னால் கரிவண்டி பூட்டிய அமெரிக்க எஞ்சின். எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்கு, அதற்கு வழக்கமான வளைவின் ஆரை 18 அங்குலம். திரும்பவே மூன்றடி வேணும்.

படத்தை அப்பாயியிடம் காட்டினோம்.

"இது பெரிய லைன் எஞ்சின்டா. ராகலைக்குப் போனது சின்னது" என்றது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன பாதை 1904இல் முடிந்தது, 1948இல் மூடியாச்சு. அப்பாயி அப்போ சின்னப்பிள்ளை. தண்டவாள அகலம் இரண்டரை அடி, 762 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தேன்: 8.76. கடையில் 9 மில்லிமீற்றர் பாதை இருக்கு! நம்ம ஐந்தரை அடி மெயின் லைனுக்கோ 19க்கு மேல வேணும், எச்.ஓ. பாதை 16.5தான். தம்பி கேட்டது நானுஓயாவில் எந்தப் பாதைக்கும் பொருந்தாது.

கடைசியில், தண்ணீர்த் தொட்டியை உடம்பிலேயே சுமக்கிற நாலு சக்கர எஞ்சின் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். ராகலை எஞ்சினின் அச்சு இல்லைதான். ஆனால் 9 அங்குல ஆரையில் திரும்பிடும், பலகைக்குள் அடங்கும்.

தம்பி இரண்டு நாள் பேசவில்லை. நேற்றுத்தான் பென்சிலோடு பலகையில் உட்கார்ந்தான். அப்பாயி பக்கத்தில் நின்று கேட்குது: "தேயிலைப் பெட்டி எங்கடா ஏத்துவீங்க?"