வழியைப் படமெடுப்பது

மாமல்லபுரத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் ஆவணப்படம் என்றால் முதல் ஷாட் கடற்கரைக் கோயில்தான். கடலுக்கு மேலிருந்து ட்ரோன் மெல்ல இறங்கும், வீணை ஒலிக்கும், கனத்த குரல் ஒன்று பல்லவர் புகழைத் தொடங்கும். சற்று நேரத்தில் அர்ச்சுனன் தபசு, அதன் பிறகு ஐந்து ரதங்கள். பார்த்து முடித்தவருக்குச் சிற்பங்கள் நினைவிருக்கும். அந்த ஊரைச் சுற்றி என்ன நிலம், என்ன நீர், அங்கே மக்கள் எப்படிப் போய் வந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

நான் சிறுசேரியில் குடியிருந்துகொண்டு இந்தக் கடற்கரையைப் படமெடுத்து வருகிறேன். நிலத்தைப் பற்றிய படத்தில் போய்ச் சேரும் இடத்தைவிடப் போகும் வழிதான் அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சிப்காட் தொழிற்பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டித் தெற்கே மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கேளம்பாக்கத்தில் கோவளம் சாலைக்குத் திரும்பினால் சிறிது தூரத்திலேயே நிலம் தன்னைத் திறந்து காட்டிவிடும். மேற்கே தையூர் பக்கம் ஏரி. சாலையின் இருபுறமும் உப்பளமும் காயலும். அவற்றினூடே பக்கிங்காம் கால்வாய். அப்பால் மணல்திட்டு, பிறகு கடல். நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீர், மனிதன் வெட்டிய தண்ணீர், கடல் தண்ணீர் எல்லாம் சில கிலோமீட்டர் அகலத்துக்குள். இதை ட்ரோனில் எடுத்தால் வரைபடம் போலத் தட்டையாகத்தான் கிடைக்கிறது. ஆள் உயரத்தில் கேமராவை வைத்து மேற்கிலிருந்து கிழக்கே நிதானமாகத் திருப்பினால்தான், ஒவ்வொரு தண்ணீரும் வேறு நிறத்தில், வேறு அசைவில் இருப்பது தெரியும். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் மைக்கில் வேறெதுவும் விழாது. ஒலிப்பதிவுக்கு விடியற்காலைதான். அந்நேரத்தில் உப்பளத்துப் பறவைகளின் ஒலியும், தூரத்தில் ஐ.டி. நிறுவனப் பேருந்துகளின் இரைச்சலும் சேர்ந்தே வரும். அந்த இரைச்சலை நான் எடிட்டிங்கில் துடைப்பதில்லை. அதுவும் இந்த நிலத்தின் இன்றைய குரல்.

மாமல்லபுரத்துக்குப் பழைய வழிகளில் ஒன்று இந்தக் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதல் பகுதி வெட்டப்பட்டது. பிறகு வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் என நீண்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு சென்னை நகருக்குள் இணைப்புப் பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பட்டினியில் தோண்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. உப்பும் விறகும் இந்தக் கால்வாய் வழியாகச் சென்னைக்குப் போயின. கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் கழி ஊன்றித் தள்ளியும் படகுகள் நகர்ந்தன. பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' கவிதையில் எழுதியது இந்தக் கால்வாயில் படகேறிப் போன பயணத்தைத்தான். ஒரு கவிஞன் மாமல்லபுரத்துக்குப் போய்ச் சிற்பத்தை மட்டும் பாடாமல் பயணத்தைப் பாடியிருக்கிறான். நம் படங்களுக்கு இதைவிட நல்ல திரைக்கதை உண்டா?

இப்படி வழியைத் தேடுவதில் நமக்கு முன்னோடி பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் முழுக்க அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் வெளியிட்டார். அதே மனிதர்தான் தமிழ்நாட்டில் முந்தைய தலைமுறையினர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். நமக்கு முன்னால் இந்த வழியே போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதைத் தேடாமல் கேமராவைத் தூக்கக் கூடாது என்பதே அவரிடம் நான் எடுத்துக்கொண்ட பாடம். இன்னொரு பாடம் பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலிடம். அவர் 1968இல் இன்னும் இரண்டே பேருடன் இந்தியா முழுக்கச் சுற்றித் தொலைக்காட்சிக்கென ஏழு பகுதிகள் எடுத்தார். அதில் சென்னைக்கு ஒரு பகுதி. அவருடைய வர்ணனையில் எனக்குப் பல இடங்களில் உடன்பாடு இல்லை. ஆனால் மயிலாப்பூர்த் தேரோட்டத்தை அவர் அவசரப்படாமல் பார்த்த விதத்தை இத்தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும்.

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது சொன்ன கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறையினர் மணல்மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கற்கோயிலின் எச்சம் கிடைத்தது. அதற்கும் கீழே செங்கல் கோயில். செங்கல் கட்டுமானம் சங்க காலத்தது என்பது அகழ்ந்தவர்களின் முடிவு. வடக்கு நோக்கிய முருகன் கோயில், முன்னே கல்லில் செய்த வேல். தொலைக்காட்சிக்கு இது 'கடல் கொண்ட கோயில்' என்ற பரபரப்புத் தலைப்பு. எனக்கு அங்கே முக்கியம் செங்கல்லும் அதன்மேல் கல்லும் நிற்கும் அடுக்கு. கடல் அழித்ததாகக் கருதப்படும் இடத்திலேயே மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்ல இசை வேண்டாம். கீழிருந்து மேலாகக் கேமரா நகர்ந்தால் போதும், பின்னணிக் குரல் ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடலாம்.

பின்னணிக் குரலை நான் எடிட்டிங் முடிந்த பிறகே எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் படம் அந்த உரைக்குத் துணையாகிவிடும். கண்ணுக்குத் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்லக் கூடாது. அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் விழும்போது, நடுவே உள்ள பிளவில் நாகங்கள் மேலேறுவதைப் பார்ப்பவரே கண்டுகொள்வார். மேலே நீர் தேக்கி அந்தப் பிளவு வழியே விட்டிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. குரல் அதைச் சொல்லட்டும். உப்பளமும் கால்வாயும் கடந்து வந்த பார்வையாளருக்கு அந்தத் தண்ணீர் உடனே விளங்கும். நேராகக் கோயிலில் வந்து இறங்கியவருக்கு அது இன்னொரு தகவல், அவ்வளவே.

1960களின் நடுவில் வீசிய புயல்களில் கால்வாய் சேதமடைந்தபின் படகுப் போக்குவரத்து தேய்ந்து நின்றது. சிறுவயதில் அந்தப் படகில் போனவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கேளம்பாக்கத்திலோ கோவளத்திலோ திருவிடந்தையிலோ உங்கள் தாத்தா பாட்டி யாராவது இருந்தால், செல்போனைச் சன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்: எங்கே ஏறினீர்கள், படகை யார் இழுத்தார்கள், இரவில் எங்கே தங்கினீர்கள், சோறு எங்கே சமைத்தீர்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகும் உடனே அணைக்காதீர்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.