இன்னிக்கு ஸ்கூல் உண்டா, டீச்சர்?

ஜூன் 6, 2024, வியாழன்

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறப்பதாக இருந்தது. வெயில் தணியவில்லை என்று 10ஆம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். டிவியில் சொன்னார்கள், நாளிதழில் வந்தது, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று. வகுப்பறைகளைச் சுத்தம் செய்யும் வேலையைப் பார்க்க நான் போயிருந்தேன். எட்டரை மணிக்கு ஓர் ஆயா, எண்ணெய் வைத்துத் தலைவாரிய பேத்தியோடு வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு ஸ்கூல் உண்டா, டீச்சர்?"

அவருடைய மகனும் மருமகளும் சென்னையில் கட்டட வேலை செய்கிறார்கள். பதிவேட்டில் இருப்பது மகனின் எண். செய்தி அந்த எண்ணுக்குச் சரியாகப் போயிருக்கிறது, அவரும் படித்திருக்கிறார். அம்மாவுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிறவர் ஆயா. அவரிடம் போன் கிடையாது.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம், புதுச்சேரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இந்த ஆண்டு வேலையை இந்த ஆயாவிடமிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பாடநூல் கொடுத்தோம். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன். "அப்பா நம்பர் என்ன?" என்று கேட்பதுதான் வழக்கம். அதோடு சேர்த்து, "காலையில பிள்ளைய அனுப்புறது யாரு? சாயங்காலம் கூட்டிட்டுப் போறது யாரு? அவங்களுக்கு எப்படிச் சொன்னா தெரியும்?" என்றும் கேட்டேன்.

பதில்களைக் கேட்கக் கேட்க ஊரின் வாழ்க்கையே விரிந்தது. பாதி வீடுகளில் ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அம்மாவிடம் பட்டன் போன். அழைத்தால் எடுப்பார், எழுத்தாக வந்தால் மூத்த பிள்ளை படித்துச் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் முடிந்து நின்றுபோன எண்கள் ஒருபுறம். ஏரிக்கரை இருளர் குடும்பங்களில் நாலைந்து வீட்டுக்கு ஒரு போன். அதுவும் டீக்கடையில் சார்ஜில் கிடக்கும். அந்தப் போனை நம்பி எத்தனை பிள்ளைகள் என்பதைக் கல்வித் துறையின் எமிஸ் என்ற தகவல் தளத்தில் எழுத இடமில்லை. தனி நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்து போதுமா, குரல் வேண்டுமா, ஆள் போய்ச் சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்தாயிற்று.

ஜூலை 18, வியாழன்

காலை வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றியதும், வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் பேசிவிடுகிறோம். நானும் உதவி ஆசிரியையும் பெயர்களைப் பங்கிட்டுக்கொள்கிறோம்.

இன்று இரண்டாம் வகுப்புப் பையன் வரவில்லை. அவன் அம்மாவை அழைத்தேன். "நான் அனுப்பிட்டுத்தானே டீச்சர் களை எடுக்க வந்தேன்!" அவர் குரல் மாறிவிட்டது. மறுமுனையில் மற்ற பெண்களும் வேலையை நிறுத்திவிட்டது கேட்டது. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பையன் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் தாத்தாவோடு உட்கார்ந்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் வகுப்பில் இருந்தான்.

வீட்டார் பிள்ளை பள்ளியில் இருப்பதாக நினைக்கிறார்கள். பள்ளி, பிள்ளை வீட்டில் இருப்பதாக நினைக்கிறது. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஏரி இருக்கிறது, கிணறு இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. வருகைப் பதிவு பள்ளியின் கணக்குக்கு மட்டும் உரியதன்று. அன்றன்றைக்கே வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

பேசும் விதமும் முக்கியம். "ஏன் அனுப்பல?" என்று தொடங்கினால் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்கள். "பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தங்கைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சீருடை காயவில்லை. மாமன் வீட்டில் காதுகுத்து. ஒரு பெரிய பையன் வழியில் அடிக்கிறான். கடைசிக் காரணத்தைச் சரிசெய்வது பள்ளியின் கையில் இருக்கிறது. கேட்காமல் அது தெரியவே வராது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று எங்களுக்குப் பள்ளி உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. அங்கே ஆண்டுதோறும் அரசு விடுமுறை. எங்கள் ஊர்க்காரர்கள் புதுச்சேரியின் சேதராப்பட்டு கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள், வில்லியனூரில் பெண் கொடுத்திருக்கிறார்கள். அங்கே லீவு என்றால் இங்கேயும் லீவு என்று நினைப்பது இயல்பு. மழைக்காலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகும்: புதுச்சேரிக்கு விடுமுறை விடுவது அந்த அரசு, எங்களுக்கு விடுவது விழுப்புரம் ஆட்சியர்.

அதனால் நேற்றுக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபோதே பெற்றோர் முன்னால் சொல்லிவிட்டோம்: நாளைக்குப் பாண்டிக்கு லீவு, நமக்குப் பள்ளி உண்டு. ஓரிருவரைத் தவிர எல்லாரும் வந்தார்கள்.

ஆகஸ்ட் 31, சனி

பள்ளி மேலாண்மைக் குழுவின் புதிய உறுப்பினர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள் கேட்கிறது. அந்த 200ஐ வைத்துத்தான் இன்றைய பேச்சு நடந்தது. மாதம் இரண்டு நாள் வராத பிள்ளை பெரிதாக விடுப்பு எடுக்காததுபோலத் தெரியும். ஆண்டு முடிவில் அது இருபது நாள், பத்தில் ஒரு பங்குப் படிப்பு. இதைக் கேட்டதும் ஓர் அம்மா, "மாசா மாசம் எங்களுக்கு இதச் சொல்லுங்க டீச்சர், நாங்க நாலஞ்சு நாளுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். இனி மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் வருகை நாளும் வீட்டுக்குச் சொல்லப்படும்.

நல்ல யோசனைகளும் அவர்களிடமிருந்தே வந்தன. எழுத்தோடு குரல் பதிவும் அனுப்ப வேண்டும். தெருவுக்கு ஒரு பெண் பொறுப்பு. போன் இல்லாத வீட்டுக்கு அவர் நேரில் போய்ச் சொல்வார். சொல்லி முடித்ததும் "சொல்லியாச்சு" என்று எங்களுக்குத் திரும்பத் தகவல் வர வேண்டும். பால் சொசைட்டிக்கு விடியற்காலை எல்லாரும் வருவதால் அங்கே ஒரு சிலேட்டு மாட்டுவது. இந்தத் திட்டத்துக்குக் காசு செலவில்லை; தெருவை அறிந்த பெண்கள் இருந்தால் போதும்.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறையை 6ஆம் தேதி வரை நீட்டித்திருந்தார்கள். இந்த முறை திறக்கும் நாள் தெரியாமல் முன்னதாக யாரும் வந்து நிற்கவில்லை. தெருப் பொறுப்பு வேலை செய்கிறது.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. இன்று அரை நாள். முழு விடுமுறையைவிட அரை நாள்தான் எனக்குக் கவலை. முழு நாள் என்றால் காலையிலேயே ஏதாவது ஏற்பாடு செய்வார்கள். அரை நாளில், கம்பெனிக்குப் போன அம்மா ஷிப்ட் முடிந்து மாலைதான் வருவார். பிள்ளை ஒரு மணிக்குப் பூட்டிய வீட்டின் முன் நிற்கும், அதுவும் பட்டாசுக் காலத்தில்.

ஆகவே நேற்றே ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் எழுதி, வீட்டுக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி வரச் சொன்னோம். யார் வந்து அழைத்துப்போவார்கள் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஆள் வராத பிள்ளைகள் ஆள் வரும்வரை எங்களோடு இருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாளான நவம்பர் 1ஆம் தேதி விடுமுறைக்கு ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமை வேலை நாள் என்பதையும் அதே சீட்டில் எழுதினோம். விடுமுறைச் செய்தி ஊரெல்லாம் தானே பரவும். ஈடுசெய்யும் சனிக்கிழமையை நாம்தான் பரப்ப வேண்டும்.

நவம்பர் 29, வெள்ளி

வங்கக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த தாழ்வு மண்டலம் வலுவிழக்கும் என்றார்கள், பிற்பகலில் புயலாகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல். நாளைக்குப் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்ற அறிவிப்பு இன்றே வந்துவிட்டது. பகலிலேயே தெரிந்ததால் பிள்ளைகளை அனுப்பும்போது நேரிலேயே சொல்லி அனுப்பினோம்.

எப்போதும் இப்படி அமைவதில்லை. மழைக்காலத்தில் சில நாள் காலை ஆறரைக்கு மேல்தான் அறிவிப்பு வரும். அதற்குள் காலை உணவு சமைக்கும் அக்கா அடுப்பைப் பற்றவைத்திருப்பார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அன்றிலிருந்து எங்கள் பள்ளியின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. விடுமுறை என்றால் முதல் அழைப்பு சமைக்கும் அக்காவுக்கு. அடுத்து, விடியலில் வயலுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் கிளம்பும் தாய்மாருக்கு. அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் குழு. ஏழரைக்குத் தெரியும் விடுமுறையால் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், இல்லையென்றால் பிள்ளை தனியாக இருக்கும்.

பொய்ச் செய்தியும் இந்த நாட்களில்தான் வரும். போன ஆண்டு அறிவிப்பின் படத்தைத் தேதி வெட்டி அனுப்புவார்கள். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பள்ளிச் செய்தி எப்போதும் என் குரலில் வரும், கிழமை, தேதி, மாவட்டம், எந்த வகுப்புகள் என்ற நான்கும் அதில் இருக்கும். என் குரல் வராவிட்டால் பள்ளி உண்டு.

டிசம்பர் 2, திங்கள்

சனிக்கிழமை இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். மின்சாரம் இல்லை. டவர் இல்லை. இன்றும் விடுமுறை என்பதைப் பக்கத்து ஊருக்குப் பைக்கில் போய்த்தான் உறுதி செய்தோம்.

போன் செத்த இன்று தெருப் பொறுப்புப் பெண்கள்தான் வேலை செய்தார்கள். முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். போனதோடு, எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு வந்தார்கள். ஏரிக்கரைக் குடும்பங்கள் எங்கே ஒதுங்கியிருக்கின்றன என்பது இருட்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

வெள்ளத்துக்குப் பிறகு முழு வேலை வாரம் இன்று தொடங்குகிறது. மூடியதைச் சொல்வதைவிட, திறந்ததைச் சொல்வது கடினம். புத்தகம் நனைந்துபோன வீட்டில் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார்கள். சீருடை இல்லாமல் வந்தால் டீச்சர் திட்டுவார் என்று பிள்ளை அஞ்சுகிறது. அதனால் செய்தியை இப்படிச் சொன்னோம்: பள்ளி உண்டு. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் உண்டு. புத்தகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் துணியானாலும் போட்டு அனுப்புங்கள். வெறும் "பள்ளி திறப்பு" என்ற அறிவிப்பில் வராத பிள்ளைகள் இந்தச் செய்திக்கு வந்தார்கள்.

டிசம்பர் 23, திங்கள்

அரையாண்டு விடுமுறை நாளை தொடங்குகிறது. ஜனவரி 2 அன்று பள்ளி. எல்லாத் தெருவிலிருந்தும் "சொல்லியாச்சு" வந்துவிட்டது.

இந்த ஆறு மாதத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்றுதான். செய்தியை அனுப்பியதோடு பள்ளியின் பொறுப்பு முடியாது. பிள்ளையை அனுப்புகிறவர் கையில், அவருக்குப் புரியும் விதத்தில், அவர் தன் நாளை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்போதே சேர்ந்தால்தான் அது செய்தி.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முடிந்தவரை விடுமுறையை முந்தைய இரவே அறிவியுங்கள், அறிவிப்பிலேயே தேதியும் மாவட்டமும் வகுப்பும் தெளிவாக இருக்கட்டும். சக ஆசிரியர்களுக்கு: வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே, அன்பாகப் பேசுங்கள். பெற்றோருக்கு: எண் மாறினால் அன்றே சொல்லுங்கள், போன் இல்லையென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குச் செய்தி கொண்டுவர வேண்டியது எங்கள் கடமை. அதற்கு வழி சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.