ரோலர் ஓடினால் பாட்டு இளைக்கும்

மடிக்கணினி ஒன்றிருந்தால் யாரும் டிஜே ஆகிவிடலாம் என்றிருக்கும் காலத்தில், இசைத்தட்டைச் சுழற்றித்தான் பாட்டுப் போடுவேன் என்று நிற்பவர்கள் மிகக் குறைவு. பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றில் அப்படி ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவருடைய தந்தை ஒரு காலத்தில் ஊவாவின் தோட்டங்கள் தோறும் மாரியம்மன் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். நான் பதுளையில் நிருபராக அலைந்த நாள் முதல் எனக்குப் பழக்கமானவர். லயத்து அறையில் அவர் சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் பையனும் வளர்ந்தான்.

2022 ஏப்ரல். மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலத்தைத் தொட்டுத் திரும்பியிருந்த நேரம். எரிபொருள் வரிசைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் நின்றவர்கள்தான். கொரோனாவால் இரண்டு வருடங்கள் தொழிலின்றி இருந்த பையனுக்குப் பதுளையில் ஒரு திருமண வரவேற்பு கிடைத்தது. வாங்கிய முற்பணம் முழுவதையும் ஸ்பீக்கர் வாடகைக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கும் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தபோது பாட்டுகள் ஒன்றோடொன்று சேர மறுத்தன.

அவனிடம் இருந்தவை இரண்டு இயந்திரங்கள். ஒன்று, மைத்துனர் குவைத்திலிருந்து கொண்டுவந்த பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. 1979இல் வெளிவந்து, உலகம் முழுவதும் டிஜேக்களின் கைகளில் புழங்கிய மாதிரி. மற்றது தந்தையின் கரார்ட். பெரியவர்களுக்காகப் பழைய 45 சுற்று இசைத்தட்டுகளை அதில் போட்டு, அப்படியே டெக்னிக்ஸிலுள்ள புதுப் பாட்டுக்குத் தாளம் தவறாமல் தாவுவதுதான் அவனது திட்டம். அதற்கு டெக்னிக்ஸின் பிட்ச் ஸ்லைடரை நகர்த்தி, அதன் வேகத்தைப் பழைய பாட்டின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு சதவீதம் கூட்டலாம், எட்டு சதவீதம் குறைக்கலாம். கொண்டுவந்தான், சேர்ந்தது. அரை நிமிடத்தில் மீண்டும் பிரிந்தது. மறுபடி நகர்த்தினால் வேறோர் இடத்தில் சேர்ந்தது.

ஸ்லைடரின் அளவு பிசகிவிட்டது, மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ட்ரிம்மர் திருகைச் சற்றுத் திருப்பினால் சரியாகும் என்று யாரோ தொலைபேசியில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது திருப்புளி கையில் இருந்தது. அந்தத் திருகை ஒருமுறை அசைத்துவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர அளவுகருவி வேண்டும். பதுளையில் அதற்கு எங்கே போவது?

"கொஞ்சம் பொறு, முதலில் அது பிசகியிருக்கிறதா என்று பார்ப்போம்" என்றேன்.

பார்ப்பதற்கு வழி அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது. தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள். பக்கத்தில் இமைக்கும் சிவப்பு விளக்கு. சரியான வேகத்தில் ஒரு வரிசை அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், மற்றவை ஊரும். ஸ்லைடரை நடுவில் வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது, பூச்சிய வரிசை நின்றது. 3.3 கூட்டியபோது அதற்குரிய வரிசை, 6 கூட்டியபோது அதற்குரியது, 3.3 குறைத்தபோதும் அப்படியே. மோட்டாரும் அந்த விளக்கும் உள்ளேயிருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் கணக்குக்கு நடப்பவை. வெளியே மின்சாரம் சற்றுத் தள்ளாடினாலும் அதற்குக் கவலையில்லை. இருந்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தைத் தட்டின் ஓரத்தில் ஒட்டி, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினோம். 33⅓ சுற்று வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு 100 சுற்று வரவேண்டும். வந்தது.

அப்படியானால் கரார்ட். அதற்கும் பரிசோதனை செய்தாகிவிட்டது என்றான் பையன். தந்தையின் பெட்டியிலிருந்த அச்சிட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின்மேல் வைத்து, ஜெனரேட்டரில் எரியும் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் காட்டினான். 45க்குரிய 133 கோடுகள் கொண்ட வளையம் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. (புதிய எல்இடி பல்புகள் பலவற்றின் கீழ் இந்த வித்தை பலிக்காது. அவை மின்னலையோடு சேர்ந்து இமைப்பதில்லை. அமெரிக்க அட்டைகளும் இங்கே உதவா. அவர்களது மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதே வளையத்தில் 160 கோடுகள் இருக்கும்.)

இரண்டும் சரி. ஆனால் சேரவில்லை.

அதுவரை திண்ணையில் பேசாமல் இருந்த தந்தை வாயைத் திறந்தார். "தம்பி, மிசின்ல கோளாறு இல்ல. கரண்டுல கோளாறு. பேக்டரியில ரோலரு ஓட ஆரம்பிச்சா பாட்டு இளைக்கும், நிப்பாட்டினா துள்ளும். இது அதே சத்தம்தான்."

பலருக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் அந்தக் காலத்தில் ஓடைநீரில் சுழலும் சொந்த மின்னாக்கி இருந்தது. லயங்களில் குப்பி விளக்கு. திருவிழா இரவுகளில் மட்டும் துரையின் அனுமதியோடு தொழிற்சாலையிலிருந்து கோயிலுக்கு ஒரு கம்பி இழுப்பார்கள். கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் சுமை கூடி, மின்னாக்கி மெதுவாகும்; மின்னலை 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். கரார்ட் போன்றவற்றின் மோட்டார் அந்த அலையைப் பின்பற்றிச் சுழல்வது. அலை இறங்கினால் பாட்டும் இறங்கும். சவுக்கு மரத்தில் கட்டிய குழாயில் பாட்டு இழுபடுவதைக் கேட்டே தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரிந்துவிடுமாம்.

பிறகு ஏன் கோடுகள் நின்றன? மோட்டாரை மெதுவாக்கிய அதே ஜெனரேட்டர்தான் பல்பையும் மெதுவாக இமைக்க வைத்தது. இரண்டும் ஒன்றாகப் பின்தங்கினால் கோடு எப்படி நகரும்? பத்திரிகை அலுவலகத்தில் இது எங்களுக்குப் பழக்கமான பொறி. இரு நிருபர்கள் ஒரே செய்தியை அனுப்புவார்கள், உறுதியானது என்று தோன்றும். விசாரித்தால் இருவருக்கும் சொன்னவர் ஒருவராகவே இருப்பார்.

கைக்கடிகாரத்தை மீண்டும் எடுத்தோம். இரண்டு நிமிடத்துக்கு 90 சுற்று வரவேண்டிய கரார்ட் 86 சுற்றைக் கடந்து சற்றே ஓடி நின்றது. நாலு சதவீதம் குறைவு. அதாவது ஜெனரேட்டர் ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. மூன்றரை நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒன்பது விநாடி நீளும். சுருதி அரை ஸ்வரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பெரிய ஃப்ளட் லைட்டை அணைத்துவிட்டு எண்ணினால் 88. வெளிச்சம் போட்டும் அணைத்தும் ஒத்திகை பார்த்தவன், குற்றத்தை ஸ்லைடரின் மேல் போட்டிருக்கிறான்.

திருப்புளி பெட்டிக்குள் போனது. பக்கத்து லயத்து முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் பற்றரியும், 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும் ஓர் இன்வர்ட்டரும் இரவல் கிடைத்தன. ஸ்பீக்கர்களும் விளக்குகளும் ஜெனரேட்டரில். கரார்ட் மட்டும் பற்றரியில். அன்று மாலை இரண்டு நிமிடத்துக்கு 89 சுற்று வந்தது.

மீதி ஒன்று எங்கே என்று தந்தை விடவில்லை. உள்ளேயிருக்கும் ரப்பர் சக்கரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, அச்சுக்கு இரண்டு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டார். 90க்கு ஒரு சாண் குறைவாக வந்து நின்றது. ரப்பர் இறுகிவிட்டதாம், புதிது கொழும்பில்தான் தேட வேண்டும். அந்தச் சிறு குறையை டெக்னிக்ஸின் ஸ்லைடர் சமாளிக்கும், அது அசையாமல் நிற்கும் குறை என்பதால். வரவேற்பன்று முதல் தாவல் சுத்தமாக விழுந்தது என்று பையன் இரவே அழைத்துச் சொன்னான். மீதிப் பணமும் கைக்கு வந்துவிட்டதாம்.