அக்கினித் தலமும் உறைந்த குளமும்

பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரிய திருவண்ணாமலையில் ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். எனினும், மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் ஏறிச் சில வாரங்களுக்குள் லடாக்கின் லே நகரத்துக் குளங்கள் உறைந்து, அங்கு இவ்விளையாட்டின் பருவம் பிறக்கிறது. கோல்காப்பாளர் உட்பட அணிக்கு அறுவர் சறுக்குக் காலணியுடன் களமிறங்கி, 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டை எதிரணியின் வலைக்குள் செலுத்த முயலும் இவ்வாட்டம், இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறுகிறது.

மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1877இல் இவ்விளையாட்டுக்கு அணி அமைந்தது. இன்று கனடிய மாணவர்களுக்கு இது இலையுதிர்காலத்தில் தொடங்கும் பருவ விளையாட்டாகும்; கோடையில் அவர்கள் பனியில்லாத தரையிலேயே ஓட்டம், எடைதூக்கல், தாவல் ஆகியவற்றால் உடலை ஆயத்தப்படுத்துகின்றனர். ஆட்டக்காரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே முழுவேகத்தில் விளையாடிவிட்டு இருக்கைக்குத் திரும்ப, மற்றவர் களமிறங்குவதால், அப்பயிற்சி குறுகிய வெடிப்பு வேகத்தையே குறிவைக்கிறது. (பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் கால்களை உறுதியாக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் இங்கு வேண்டப்படுவது அந்த நிதான நடையன்று.)

இந்தியாவிலோ, 2011இல் தேராதூனில் திறக்கப்பட்ட உள்ளரங்கப் பனித்தளம் பல்லாண்டுகள் மூடிக்கிடந்தமையால், 2009இல் ஆசியச் சவால் கோப்பையில் முதன்முறை ஆடிய தேசிய ஆடவர் அணியைப் போலவே, இளம் ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் இயற்கை உறைவையே நம்பியிருந்தனர். அவர்களுடைய பருவம் தொடங்கும் நாளைக் குளிரே குறித்தது.