பின்வரும் துணை

நாமக்கல் மாவட்டத்தில் முகில் தவழும் முடிகளோடு ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் செழிக்கின்றன. முற்காலத்தில் மலைவாழ் மக்கள் தம் விளைபொருள்களைத் தலைச்சுமையாகக் கொண்டு ஒற்றையடிப் பாதைகளில் இறங்குவர். இன்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டை நோக்கித் தார்ச்சாலை ஏறுகின்றது. அச்சாலையில் கொண்டை ஊசி போல் வளைந்த திருப்பங்கள் 70 உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த பலகையும் உண்டு.

அம்மலையூர் ஒன்றில் வாழ்ந்த முதியவர் ஒருவரின் இல்லத்திற்குக் கோடை விடுமுறையில் அவருடைய பேரன் வந்திருந்தான். சமவெளி ஊரில் உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் அவன், தன் மிதிவண்டியையும் பேருந்தின் கூரைமேல் ஏற்றிக் கொணர்ந்தான். வீட்டில் நாய்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஒன்பது வயது நிரம்பிய கறுப்பன்; மற்றொன்று இரண்டு வயதுச் செவலை. அவன் மிதிவண்டியை எடுத்தால் போதும். இரண்டும் வாலைக் குழைத்துக்கொண்டு வாயிலில் வந்து நிற்கும்.

அயல்நாடுகளில் புகைவண்டி ஓடாது நின்றுபோன இருப்புப் பாதைகளைச் செம்மை செய்து, மிதிவண்டி செல்லும் வழிகளாக்கியிருப்பதை அவன் நூலொன்றிற் படித்திருந்தான். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் 1960-களில் அமைந்த அத்தகைய வழி ஒன்று மூன்று குகைகளின் ஊடே செல்கின்றது. அவ்வழிகளில் மக்கள் தம் நாய்களோடு உலாவும் படங்கள் அவன் உள்ளத்தைக் கவர்ந்தன. "தாத்தா! நம் மலையில் இருப்புப் பாதை இல்லை. ஆயினும் எழுபது வளைவுச் சாலை இருக்கின்றதே! நாய்களோடு நான் காரவள்ளி வரை இறங்கப் போகிறேன்" என்றான்.

முதியவர் புன்முறுவல் பூத்தார். "தம்பி! இருப்புப் பாதையும் மலைச்சாலையும் ஒன்றல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கும். ஆதலால் நூறு அடிக்கு ஓர் அடி ஏறுவதே புகைவண்டிக்குப் பெரும்பாடு. நீலகிரியில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏறுவதற்குத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்க நேர்ந்தது. மூணாற்றுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு புகைவண்டிப் பாதையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அது சென்ற வழியிற் சில பகுதிகள் இன்று சாலையாக உதவுகின்றன. அத்தகைய மென்சரிவில் முதியவரும் செல்லலாம், நாயும் ஓடலாம். நம் சாலையோ செங்குத்தாக இறங்குவது. நீ அமர்ந்து உருண்டு போவாய். அவை காலால் ஓடிவர வேண்டும். போவதாயின் விடியலிற் புறப்படு. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று நீர் கொடு. களைத்தேன் என்று சொல்ல நாய்க்கு வாய் இல்லை" என்றார்.

பேரன் தலையசைத்தான். ஆனால் மறுநாள் அவன் விழித்தெழுந்தபோதே கதிரவன் மேலேறியிருந்தான். தாத்தா தோட்டத்திற்குச் சென்றிருந்தார். நாளைக்குப் போகலாம் என்னும் பொறுமை இளமைக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவன் பத்து மணி அளவில் சோளக்காட்டைக் கடந்து இறங்கலானான். நாய்கள் இரண்டும் தொடர்ந்தன.

பலகைகளின் எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குவன. ஆதலால் இறங்குவோன் முதலிற் காண்பது எழுபது. பின்னர் அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு எனக் குறைந்துகொண்டே வரும். அவ்வெண்கள் குறையக் குறைய அவன் உவகை பெருகியது. காற்று செவியில் இரைந்தது. பள்ளத்தாக்கு கண்முன் சுழன்றது. பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் சக்கர விளிம்பு சூடேறும் என்று அறிந்திருந்தான். ஆதலால் அழுத்தியும் விட்டும் திறம்படச் சென்றான். வண்டியின் சூட்டை நினைத்த அவன், தாரின் சூட்டை நினைத்தானல்லன்.

நாற்பத்து மூன்றாம் வளைவில் எதிரே பேருந்து ஒன்று வரவே, ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தான். செவலை நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க இரைக்க வந்து நின்றது. கறுப்பனைக் காணவில்லை. "கறுப்பா!" என்று கூவினான். மலை அவன் குரலையே திருப்பித் தந்தது.

கீழே நாற்பத்து இரண்டு வளைவுகள் அவனை அழைத்தன. இன்னும் சிறிது நேரத்தில் அடிவாரத்தை அடைந்துவிடலாம். 'கிழநாய் வீட்டிற்குத் திரும்பியிருக்கும்' என்று மனம் ஒரு சமாதானம் கூறியது. ஆனால் அச்சமாதானம் பொய் என்பதை அம்மனமே அறிந்திருந்தது. கறுப்பன் ஒருநாளும் பாதி வழியில் திரும்பியதில்லை. அவன் வண்டியைத் திருப்பி மேல்நோக்கித் தள்ளினான். உருண்டு வருகையில் கணப்பொழுதிற் கடந்த ஒவ்வொரு வளைவும் இப்பொழுது ஒரு மலையாக எதிர்நின்றது.

நாற்பத்தொன்பதாம் வளைவின் கைப்பிடிச் சுவரருகே கறுப்பன் கிடந்தது. வெந்த தாரில் ஓடியதால் அதன் பாதங்கள் தோலுரிந்திருந்தன. மனிதருக்கு உடல் முழுவதும் வியர்த்துச் சூடு தணியும். நாய்க்கோ பாதங்களிலன்றி வியர்ப்பது அரிது. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளும். அவ்வாற்றலும் அதற்குக் குன்றியிருந்தது. எனினும் அவனைக் கண்டதும் எழ முயன்றது. மீண்டும் தொடர்ந்து ஓடுவதற்காகவே எழ முயன்றது. அதைக் கண்டு அவன் விம்மினான்.

நாயை நிழலுக்குத் தூக்கிச் சென்றான். பாறையிற் கசிந்த ஊற்று நீரைத் தன் சட்டையில் நனைத்து வந்து பாதங்களிலும் வயிற்றிலும் பிழிந்தான். உள்ளங்கையில் ஏந்திச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தான். செய்தி அறிந்து பேருந்தில் இறங்கி வந்த தாத்தா, அருகில் அமர்ந்து நாயின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் சினந்துரைத்தாரல்லர். ஒரு வினா மட்டும் வினவினார்.

"எந்த வளைவில் திரும்பிப் பார்த்தாய், தம்பி?"

"நாற்பத்து மூன்றில், தாத்தா."

"அதற்கு முன்?"

அவ்வினாவிற்கு அவனிடம் விடையில்லை.

வெயில் தாழ்ந்தபின், துண்டை விரித்து மிதிவண்டியின் பின்னிருக்கையில் கறுப்பனைக் கிடத்தினர். முதியவர் அதைத் தாங்கிப் பிடிக்க, பேரன் வண்டியைத் தள்ளினான். இருபத்தொரு வளைவுகளையும் அவர்கள் நடந்தே ஏறினர். இம்முறை அவன் வளைவுதோறும் நின்று திரும்பிப் பார்த்தான்.

நாயின் நன்றியைப் போற்றாத நாடில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அது கள்வரை எதிர்த்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரை ஏறத்தாழ 1400 ஆண்டுகளாகத் தாங்கி நிற்கின்றது. அது நாய் மனிதனுக்குக் காட்டிய நன்றி. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வானுலகம் புக மறுத்தார் தருமர் என்று பாரதக் கதை கூறும். அது மனிதன் நாய்க்குக் காட்டிய நன்றி. முன்னது நாய்க்கு இயல்பு. பின்னதோ மனிதன் முயன்று கற்க வேண்டிய பண்பு. நம்பித் தொடர்வோர் தம் வலிமையை அளந்து பார்ப்பதில்லை. அதனை அளக்கும் கடமை முன்செல்வோனுடையது. இது நாய்க்கு மட்டும் பொருந்துவதன்று; தம்பி தங்கையர்க்கும், முதியோர்க்கும், எளியோர்க்கும் பொருந்துவதாகும்.

கறுப்பன் சில வாரங்களில் நலம் பெற்றது. விடுமுறை முடியுமுன், பனி விலகாத ஒரு விடியலில், மலைமேலுள்ள சமமான பாதையில் பேரன் மிதிவண்டியை மெல்ல ஓட்டிச் சென்றான். செவலை முன்னே துள்ளி ஓடியது. ஊரெல்லையிலுள்ள பலாமரத்தடியில் கறுப்பன் நின்றுவிட்டது. அவனும் உடனே இறங்கி, வண்டியை மரத்திற் சாய்த்துவிட்டு அதனருகே அமர்ந்தான்.

எழுபது வளைவுகளையும் அவன் இன்னும் முழுதாக இறங்கியதில்லை. ஓரியின் அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்து ஓடியது. விட்ட அம்பு இடையில் நிற்க அறியாது. விரைந்து செல்லும்போதும் நிற்க அறிவதே மனிதனுக்குப் பெருமை. அப்பெருமையை அச்சிறுவன் நாற்பத்து மூன்றாம் வளைவிற் கற்றான்.