அப்பாயி முகத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீங்க

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகள் பலவற்றில் தாத்தா, அப்பாயி படம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். இலங்கையும் இந்தியாவும் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிச் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ எடுத்த சின்னப் படம்.

பிள்ளைகள் அதை போனில் பிடித்து, வாங்கிய பிரேமுக்குப் பொருந்தட்டும் என்று அகலத்தை மட்டும் இழுத்துவிடுகிறார்கள். காலமெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்து ஒடுங்கிய கன்னம் உப்பிப்போகிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

மூலையைப் பிடித்து இழுங்கள். போட்டோஷாப்பில் அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலிக் குறியைப் பூட்டியே வையுங்கள். பிரேமில் இடம் மிஞ்சினால் வெள்ளை ஓரம் விடலாம், அதுவும் அழகுதான்.

35க்கு 45 மில்லிமீட்டர் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 413க்கு 531 பிக்சல் மட்டும். அதைப் பெரிதாக்கும்போது மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துத்தான் இடைவெளியை நிரப்பும், மூக்குத்தி கரைந்துவிடும். கடையில் 1200இல் ஸ்கேன் கேளுங்கள். நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்காக அச்சிடலாம். முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலிகளை நான் நம்புவதில்லை. சில நேரம் வேறு யாருடைய கண்ணையோ வைத்துவிடுகின்றன.

ஸ்கேன் செய்த மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.